சோழகத்தைக் காணவில்லை, அக்கா

மடு மாதா துணை

மடுத் திருப்பதி,
பெரிய பாலை மரத்தடி.
ஆவணித் திருவிழாவுக்கு முதல் நாள், மத்தியானம்.

பாசமும் மரியாதையும் நிறைந்த றெஜினா அக்காவுக்கு, தம்பி அமலதாஸ் பிகிராடோ எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிர் நாட்டில் மாதாவின் முக்காட்டுக்குள் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே நானும் மெற்றில்டாவும் மகள் துசாந்தினியும் சுகம். எனது வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைத் தனியாக விசாரித்து எழுத வேண்டாம். விசாரித்தால் அது இன்னும் செல்லம் கொண்டாடும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம் அக்கா" என்பேன், மறுபடியும் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம் அக்கா" என்பேன், அத்துடன் சார்ஜ் இறங்கிவிடும். கடதாசி என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் ஜெஸ்லியா, உங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரி, திருவிழா முடிந்ததும் கனடா திரும்புகிறாள். அவளின் கையில் கொடுத்துவிடுவேன்.

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி. நீங்கள் வென்றுவிட்டீர்கள். துசாந்தினியை அங்கே அனுப்புகிறேன். நாங்கள் பேசிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மடு ஆவணித் திருவிழாவுக்குள் அவள் அந்தக் கடல் விளையாட்டில் ஆசிரியைச் சான்றிதழ் எடுத்துவிட்டால் இங்கேயே இருந்து கரையில் தன்னுடைய பள்ளிக்கூடத்தை நடத்தலாம், எடுக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் நீங்கள் பார்த்துவைத்திருக்கும் தாதிப் படிப்புக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. நாளை திருவிழா. சான்றிதழ் இல்லை. பிகிராடோ குடும்பத்தில் பேச்சென்றால் பேச்சு. விசா அலுவலைத் தொடங்குங்கள்.

அந்த விளையாட்டு என்னவென்று அத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார். ஒரு அறை அகலமுள்ள பட்டத்தின் கயிறுகளை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கக் கடலின் மேல் சறுக்கிக்கொண்டு போவது. போவது பெரிய காரியமல்ல, பட்டத்தோடு யாரும் போகலாம். திரும்பி வர வேண்டும், அதுதான் படிப்பு. இதற்காக வெளிநாட்டுக்காரர் கப்பல் ஏறாத குறையாகத் தலைமன்னாருக்கு ஓடி வருகிறார்கள். அவர்கள் தங்கும் கபானா என்கிற குடில்களில் கணக்கு எழுதப் போன துசாந்தினி ஒரு நாள் பலகையில் ஏறினாள், பிறகு இறங்கவில்லை. நான் என்ன தடுப்பது? மன்னாரில் யாரும் கேளாமலே கிடைக்கிற ஒரே பொருள் காற்று. அதை வைத்துப் பிள்ளை பிழைக்கப் போகிறாள் என்றால் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

இனி நடந்த பிழையைச் சொல்கிறேன், அதைச் செய்தது நான்தான். சான்றிதழ் தருவதற்கு ஒல்லாந்திலிருந்து ஒரு பரீட்சகர் வர வேண்டும். எப்போது வந்தால் காற்று இருக்கும் என்று அந்த அம்மா கேட்டு எழுதியிருந்தார். என் கண் எங்கே போகும், சுவரில் தொங்கிய கோயில் பங்குக் கலண்டருக்குத்தான் போனது. எங்கள் கரையில் காற்றுக்கு வேறு கலண்டர் ஏது? அந்தோனியார் திருவிழா முடிந்தால் தென்மேற்கிலிருந்து சோழகம் நின்றடிக்கும். யாகப்பருக்குக் கூரை பறக்கும், எங்கள் கோயில் லோறஞ்சியார் திருவிழா கழிந்தும் அது இறங்காது. மடு ஆவணித் திருவிழா வரக் காற்றே களைத்துப்போய் ஓயும், சனம் வள்ளங்களை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுக் கூடாரம் சுற்றிக்கொண்டு மடுவுக்குப் புறப்படும். அப்பா காலத்திலும் அப்படி, எனக்கும் அப்படித்தான். ஆகையால் நான் பதில் எழுதினேன்: "லோறஞ்சியாருக்கும் மடு மாதாவுக்கும் இடையில் வாருங்கள். காற்றுக்கு நான் பொறுப்பு." வாழ்நாள் முழுவதும் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவன், வண்டிக்குப் பொறுப்பு எழுதிப் பழகிய கை, காற்றுக்கும் எழுதிவிட்டது. அந்த அம்மா வந்து இறங்கியதும் லோறஞ்சியார் என்பவருக்கு ஒரு பெட்டி சொக்லேற் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்டார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம்.

காற்று வரவேயில்லை என்று சொன்னால் அது பொய், அக்கா. வந்தது. தவக்காலத்தில் வந்தது. பெரிய வெள்ளிக்கு எங்கள் பங்கில் இயேசுவின் பாடுகளின் காட்சி, நான் பிலாத்து. மூங்கிலும் சீலையும் வைத்துக் கட்டிய அரண்மனைக்கு முன்னால் நின்று கை கழுவுகிற நேரம், ஒருநாளும் அந்த மாதத்தில் வராத சோழகம் ஒரு வீச்சு வீசியது. அரண்மனை எழும்பிப் போய் வேம்பில் தொங்கியது, போர்ச்சேவகர்களின் தொப்பிகள் கடலைப் பார்க்க ஓடின, சனம் நடுங்கி முழந்தாளிட்டது. பங்குச் சுவாமி வந்து என் கையைப் பிடித்து, இந்த வருடம் மிகவும் உருக்கமாக இருந்தது என்றார். துசாந்தினி மட்டும் சீலை பறந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வர வேண்டிய காற்று முன்கூட்டியே வந்து போகிறது என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. நான் தொப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தோனியார் வந்தார், போனார். யாகப்பர் வந்தார், போனார். கடல் கிடந்த கிடையில் கிடந்தது. எங்கள் கோயில் கொடியேற்றத்தன்று கொடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, கயிற்றில் காய்கிற சாரத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இது போதாதென்று மணல் திட்டும் இடம் மாறிவிட்டது. ஊருமலைக் கரைக்கு எதிரே நீளமாகக் கிடந்த திட்டு உங்களுக்கு நினைவிருக்கும், சின்னனில் அதில் நீங்கள் என்னை விட்டுவிட்டு வந்து அடி வாங்கினீர்கள். அதற்குப் பின்னால் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடக்கும், புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கேதான் விழுந்து எழும்புவார்கள். போன மாரியில் எந்தப் பக்கத்தால் வந்ததென்றே தெரியாத ஒரு கடல் வந்து, திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய், மெற்றில்டாவின் தம்பி ஜெயரூபன் வள்ளம் விடுகிற துறைக்கு முன்னால் கொட்டிவிட்டது. அவன் என்னிடம் வந்து நின்றான்.

"மருமகளின்ட பள்ளிக்கூடம் என்ர வாசலில வந்து கிடக்குது மச்சான். வாடகை தாறியளோ?"

அன்னெகே என்பது பரீட்சகரின் பெயர். கபானாவின் வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். அவருடைய ஆட்கள் முன்னொரு காலம் எங்களுக்கு ஒரு கோட்டையைக் கட்டிவிட்டுப் போனவர்கள், இப்போது எங்கள் பிள்ளையைச் சோதிக்க வந்திருக்கிறார். அலுவலகத்தைக் கந்தோர் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதும் அது தங்களுடைய சொல் என்று துள்ளினார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாங்கள் திருப்பித் தரமாட்டோம் என்றேன். நல்ல மனிசி. இரண்டாம் நாள் தரைப் பக்கத்திலிருந்து ஒரு காற்று, கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் இல்லை மேற்குக் கச்சானும் இல்லை, வாய்க்குள் ஊதிய மாதிரி ஒரு சூட்டுக் காற்று வந்தது. இதாவது கிடைத்ததே என்று பரீட்சை தொடங்கியது.

இங்கேதான் என்னுடைய உத்தியோகம் வருகிறது. பட்டத்தை ஏற்றுவதற்கு ஒருவர் கரையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கிற துசாந்தினி கட்டைவிரலை உயர்த்தியதும் கையை விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு சின்னப்பிள்ளை செய்யலாம். ஆனால் நான் பாதை வெறுமையாக இருக்கிறதென்று என் கண்ணால் காணாமல் எந்த வண்டியையும் விட்டவன் அல்ல, அக்கா. அவள் விரலை உயர்த்தினாள். நான் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், ஒரு ஆடு வந்தது.

"விடுங்கோ அப்பா!"

"பொறு பிள்ளை, ஆடு போகட்டும்!"

"ஆடு கடலுக்குள்ள வராது அப்பா! விடுங்கோ!"

ஆடு நின்று யோசித்தது. அது போகாமல் நான் எப்படி விடுவது? அந்த நேரம் பார்த்துத் தரைக் காற்று ஒரு முறுக்கு முறுக்கியது. பட்டம் எழும்பியது, நானும் எழும்பினேன். விட வேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டு போனதால், சரிபுதீன் கருவாடு காயப்போடுகிற பரணின் மேல், பட்டம் அடியிலும் நான் மேலுமாக இறங்கினேன். சரிபுதீன் எங்கள் அயலவர், மீன் லொறிக்காரர். ஓடி வந்து என்னைத் தூக்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்க மாஸ்டர், பட்டத்துக்குச் சேதமில்லையே? கருவாடு எப்படியும் செத்ததுதானே" என்றார்.

பட்டத்துக்குச் சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து அதை எங்கே விரித்தாலும் ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் வரிசையாக வந்து உட்காருகின்றன. அன்னெகே அவற்றைப் படம் எடுத்துத் தன்னுடைய நாட்டுக்கு அனுப்பினார். பரீட்சையில் அன்று மகளுக்கு எதுவும் எழுதப்படவில்லை. எனக்குத்தான் ஏதோ எழுதினார். என்னவென்று துசாந்தினி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சூட்டுக் காற்றும் இல்லை. அன்னெகேயின் போனில் ஒரு படம் இருக்கிறது, உலகத்துக் காற்று முழுவதும் அதில் கலர் கலராக ஓடும். சிவப்பென்றால் நல்ல காற்று, நீலமென்றால் படுக்கப் போகலாம். உலகம் முழுக்கச் சிவப்பு, மன்னார்த் தீவு மட்டும் கண்ணீர்த்துளி போல நீலமாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சிவப்பு என்று காட்டும். இந்த வித்தையை எனக்கா காட்டுவது? பிந்தி வருகிற வண்டியை "இதோ வருகிறது" என்று சனத்துக்கு அறிவித்து அறிவித்தே தலை நரைத்தவன் நான்.

ஏன் இப்படி என்று ஒரு பின்னேரம் துசாந்தினியிடம் கேட்டேன். அலையில்லாத தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது.

"தொட்டுப் பாருங்கோ அப்பா. முந்தித் தரை சூடு, கடல் குளிர். அந்த வித்தியாசத்திலதான் காத்து ஓடி வரும். ரெண்டும் ஒரே சூடெண்டா காத்து என்னத்துக்கு ஓடும்? அரபிக்கடலில ஒரு தாழமுக்கம் எழும்பினா இருக்கிறதையும் அது இழுத்துக்கொண்டு போயிடும். இனி இப்பிடித்தான். வரும், ஆனா எப்ப வருமெண்டு கலண்டரில இராது."

எனக்கு விளங்கியது. மதவாச்சியில் ஒரு பெட்டி தடம் புரண்டால் தலைமன்னாரில் வண்டி இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடக்கிற ஒன்றுக்காக இங்கே நாங்கள் மேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் கோபப்படவில்லை, அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டு, கனடாவில் பெரிய ஏரி இருக்கிறதாமே, அதில் காற்று இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் பிள்ளை, மாமி வீட்டுக்குப் பக்கத்தில்தான் என்றேன். அந்த ஏரி எங்கே இருக்கிறதென்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

கடைசியில் மெற்றில்டாதான் சொன்னாள், இனி மாதாவிடம் போவோம் என்று. சரிபுதீன் லொறியைக் கழுவி, பாய் விரித்து, கூடாரம், சட்டி பானை, அன்னெகே எல்லாவற்றையும் ஏற்றினார். பட்டமும் பலகையும் எதற்கு என்று கேட்டேன். மாதாவின் மண் பட வேண்டும் என்றாள் மெற்றில்டா. அடம்பன் சந்தியில் தேத்தண்ணி குடித்து, காட்டுப் பாதையால் வந்து சேர்ந்தோம். ஜெயரூபனும் வந்தான், எனக்குப் பக்கத்திலேயே முழந்தாளிட்டு அவனும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினான். என்னுடையது காற்று வேண்டி, அவனுடையது கடல் அடங்கிக் கிடக்க வேண்டி. அவன் அடிக்கடி கண்ணைத் திறந்து இரண்டையும் அளந்து பார்த்தான்.

"உங்கட மெழுகுதிரி உயரம் மச்சான்."

"கடல் இப்ப அடங்கித்தானே கிடக்குது. உனக்கு இன்னும் என்ன வேணும்?"

"அடங்கிக் கிடக்குது, மீன் இல்லையே. தண்ணி சுட்டதும் மீன் ஆழத்துக்குப் போட்டுது. நீங்கள் காத்தில்லையெண்டு அழுறியள், நான் மீனில்லையெண்டு அழுறன். கடலுக்கு எங்கள் ரெண்டு பேரையும் ஆரெண்டு தெரியாமப் போச்சு."

அதற்குப் பிறகு நான் என் மெழுகுதிரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். இரண்டு சுடரும் ஆடாமல் அசையாமல் நேரே நின்று எரிந்தன.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. காடு முழுக்கக் கூடாரம், கூடாரம் முழுக்க நித்திரை. இலை அசையவில்லை. இவ்வளவு நேரமும் கடதாசிக்கு மேல் ஒரு பாரமும் வைக்காமல் எழுதுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் துசாந்தினிக்கென்று பெட்டியில் அனுப்பிய குளிர் ஜக்கெற்றை மடித்து முதுகுக்குக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அருமையான ஜக்கெற், ஆனால் அவளைப் போல இரண்டு பேர் அதற்குள் போகலாம். போட்டுக் காட்டச் சொன்னேன். கை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. அங்கே வந்து குளிருக்குக் கொஞ்சம் சதை பிடித்தால் சரியாகிவிடும் என்று மெற்றில்டா சொன்னாள், சொல்லிவிட்டு வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்தாள்.

(கண் சொருகிவிட்டது, அக்கா. மன்னிக்கவும். ஒரு கனவு. தலைமன்னார்ப் பியர் ஸ்ரேசனில் நான் பழைய உடுப்போடு நிற்கிறேன். வண்டி வருகிறது, சத்தமே இல்லை, தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. பெட்டிகள் எல்லாம் வெறுமை, யன்னல் சீலைகள் மட்டும் வெளியே பறக்கின்றன. யார் வந்தது என்று கேட்கிறேன். கடைசிப் பெட்டியில் வருகிற காட் இறங்கி வந்து, சோழகம் மாஸ்டர், ரிக்கற் இல்லை, விடலாமா என்கிறார். நான் பச்சைக் கொடியைத் தேடுகிறேன், காணவில்லை. விழித்தால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைக் காணவில்லை. அது ஜெஸ்லியாவின் கூடாரத்துக்குள் கிடந்தது. இங்கே குரங்குகள் மோசம், எதையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது மீன் அடைத்த ரின் ஒன்றைக் கடதாசிக்கு மேல் வைத்திருக்கிறேன்.)

எங்கே விட்டேன்? ஜக்கெற். அக்கா, ஒன்றைச் சொல்ல வேண்டும், பிறகு சொல்லமாட்டேன். அவள் போனால் பின்னேரங்களில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்ந்த நாள் தொடங்கிப் பின்னேரமானால் கரைக்குப் போய், கடலைப் பார்க்காமல் கோயில் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயம். முதுகுக்குப் பின்னால் பட்டம் இரைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்கிறவரை பிள்ளை நிற்கிறாள் என்று செபமாலையை உருட்டுவேன். சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்பேன். அவள் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் வடிய, சிரித்துக்கொண்டு வருவாள். அவ்வளவுதான் என்னுடைய பின்னேரம். அதை நான் உங்களிடம் தந்துவிடுகிறேன், நீங்கள் கெட்டிக்காரி, நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள். அவளுக்குக் காலையில் பால் தேத்தண்ணி கொடுக்க வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

அடுப்படியில் மெற்றில்டா சத்தம் போடுகிறாள். புகை இவ்வளவு நேரமும் நேரே மேலே போனது, இப்போது கறிச்சட்டிக்குள் போகிறதாம், அடுப்பை யார் திருப்பியது என்று என்னைக் கேட்கிறாள். இந்த வயதில் நான் எதற்கு அடுப்பைத் திருப்பப் போகிறேன்? ஜெஸ்லியாவின் கூடாரத்துச் சீலை வேறு படபடவென்று அடித்து எழுத விடாமல் செய்கிறது. சரியாகக் கட்டத் தெரியாத ஆட்கள். ஜெயரூபன் கோயிலிலிருந்து வந்து, "ரெண்டு மெழுகுதிரியும் நூந்து போச்சு மச்சான்" என்கிறான். கடையில் பழைய மெழுகை விற்கிறார்கள், வேறென்ன. துசாந்தினி பாலை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், நெடுநேரமாக. என் கடதாசியைத் திருடிய குரங்கைத் தேடுகிறாள் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாளே, மூடிக்கொண்டு எப்படித் தேடுவது?

ஆகவே, அக்கா, சுருக்கமாகச் சொன்னால், காற்று எங்கள் பக்கத்தை மறந்துவிட்டது. மன்னாரில் இனி இந்த விளையாட்டுக்கு எதிர்காலம் இல்லை. மகளை நம்பி உங்களிடம் அனுப்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், அவருடைய சீனி வருத்தத்துக்கு மாதாவின் மண் ஒரு பொட்டலம் இதனுடன் வைக்கிறேன். பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள். மருதமடுத் தாய் உங்கள் வீட்டையும், வாசலையும், குளிருக்கு மூடிய யன்னல்களையும் காத்துக்கொள்வாளாக.

உங்கள் பாசமுள்ள தம்பி,
அமலதாஸ் பிகிராடோ

பின்குறிப்பு: விசா அலுவலைத் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் நிற்பாட்டுங்கள்.

இது அடுத்த நாள் பின்னேரம், தலைமன்னார்க் கரையிலிருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது என் கை அல்ல. நேற்று உங்களுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். துசாந்தினி இன்னும் அந்த மரத்தடியில் கண்ணை மூடியபடி. கிட்டப் போனேன். "ஸ்ஸ்... கேளுங்கோ அப்பா" என்றாள். கேட்டேன். மேலே, அந்தக் காடு முழுவதும், பாலையும் வீரையும் ஒன்றோடொன்று சேர்ந்து கடல் இரைகிற மாதிரி இரைந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகு, கடல் எங்களைத் தேடிக்கொண்டு மரத்துக்கு மேலால் வந்த மாதிரி இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் புகையும் சீலையும் மெழுகுதிரியும் மூன்றாம் பக்கமும் ஒவ்வொன்றாக மண்டைக்குள் ஏறின. குரங்குகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்னெகே போனைத் தூக்கிக் காட்டினார், மன்னார் முழுக்கச் சிவப்பு.

ஓய வேண்டிய திருவிழாவுக்கு எழும்பி வந்திருக்கிறது, அக்கா. ஆனால் பெருவிழாத் திருப்பலியை விட்டுவிட்டுப் போவதா? பிறந்த நாளிலிருந்து நான் தவறவிட்டதில்லை. மெற்றில்டாதான் அகப்பையோடு வந்து நின்றாள்.

"மாதா குடுத்ததை வாங்காம இஞ்ச இருந்து என்ன செபம்? உங்கள் எல்லாருக்குமாச் சேத்து நான் பூசை காணுறன். போங்கோ!"

நான் சரிபுதீனைப் பார்த்தேன். "காத்து அல்லாஹ்ட கையில, மாஸ்டர். லொறி என்ட கையில" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். விடியப்புறம் புறப்பட்டோம். உலகம் முழுவதும் மடுவுக்கு வர, நாங்கள் மட்டும் மடுவிலிருந்து எதிரே போனோம். பஸ்களில் இருந்த சனம் எங்களுக்காகச் சிலுவை போட்டது, யாரோ செத்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருக்கும். தீவுக்குப் போகிற பாலத்தில் காற்று லொறியைப் பிடித்து உலுக்கியது. துசாந்தினி பின்னால் நின்று, வாயைத் திறந்து அதைக் குடித்துக்கொண்டு வந்தாள். ஜெயரூபனும் கூட வந்தான், காற்றைத் திட்டித் தீர்த்தபடி. அவனுடைய வாசலில் வந்து கிடக்கிற மணல் திட்டுக்குப் பின்னால்தான் இப்போது தண்ணீர் தட்டுப் பால். பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கட்டும், வாடகையாகக் கிழமைக்கு ஒரு நாள் வள்ளம் தள்ளித் தந்தால் போதும் என்று, கோபமாகவே சொல்லிவிட்டான்.

பட்டத்தை யார் பிடிப்பது என்று வந்தது. ஜெயரூபன் கையை நீட்டினான். "அப்பா பிடிக்கட்டும்" என்றாள் துசாந்தினி. அன்னெகே தன்னுடைய பதிவில் எதையோ பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். நான் முழங்கால் வலியோடு தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்தேன். அது உயிருள்ள சாமான், அக்கா, கைக்குள் துடிக்கிறது. இந்த முறை மதிலைப் பார்க்க வழியில்லை, அவளையே பார்க்க வேண்டும். தூரத்தில் தண்ணீரில் நின்றாள், சின்னதாக. கட்டைவிரலை உயர்த்தினாள். வலப்பக்கம் அந்த ஆடு நின்றது. பூனைகள் எல்லாம் வந்திருந்தன. நான் எதையும் பார்க்கவில்லை.

விட்டுவிட்டேன்.

போனாள். தண்ணீருக்கு மேலால் போனாள், ஒரு இடத்தில் தண்ணீரையே விட்டு எழும்பிப் போனாள், நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பிறகு திரும்பி வந்தாள். போனவள் திரும்பி வந்தாள், அக்கா, போகப் போகத் திரும்பி வந்துகொண்டே இருந்தாள். இவ்வளவு வருடமும் நான் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்னெகே அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, சான்றிதழ் மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றைக்கு இன்னும் திருவிழா முடியவில்லை, ஆகவே பேச்சு பேச்சுத்தான். அடுத்த வருடம் காற்று எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது அப்பா, வாற நேரம் நாங்கள் இருப்பம் என்றாள்.

கோபிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஜக்கெற்றை ஜெஸ்லியாவிடம் திருப்பி அனுப்பவில்லை. கழுத்துவரை நனைந்துபோய் இந்தச் சோழகத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன், துசாந்தினி லொறியிலிருந்து எடுத்து வந்து போட்டுவிட்டாள். எனக்கு அளவாக இருக்கிறது.